பழைய காரின் பிரேக்: பெடல் சொல்வதைக் கேளுங்கள்

உங்களிடம் பதினைந்து, இருபது வருடம் ஓடிய மாருதி 800, சான்ட்ரோ மாதிரி ஒரு கார் இருக்கிறதா? "பிரேக் சரியில்லை" என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவந்தால் பில் நீளும். மிதிக்கும்போது காலுக்கு என்ன தெரிகிறது என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பாதிப் பழுது அங்கேயே பிடிபடும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கும். மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். அது சுருங்காது, காற்று சுருங்கும். அதனால் 'ஏர் எடுக்க' (சக்கரத்தருகே உள்ள திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற) வேண்டும்.

அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்லக் கீழிறங்குகிறதா? எங்கோ கசிகிறது. வெளியே ஈரமில்லை, ஆயிலும் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் (மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் உறுப்பு) உள் ரப்பர் தேய்ந்திருக்கலாம். இந்த நிலையில் "பக்கத்துக் கடைவரைதானே" என்றுகூட ஓட்டாதீர்கள்.

மிதிக்கவே பலம் போதவில்லையா? பூஸ்டரை (மிதிக்கு இன்ஜினின் உதவியைச் சேர்க்கும் உருண்டைப் பெட்டி) சோதியுங்கள். இன்ஜினை அணைத்து நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. இறங்கவில்லையா? பூஸ்டரையோ அதற்குப் போகும் குழாயையோ பார்க்க வேண்டும்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள். செலவில்லாத வேலை அது. காற்று சரியாக இருந்தும் இழுத்தால் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பிடி) இறுகியிருக்கலாம். பேடை மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஆயில் குறைந்தால் ஊற்றிவிட்டால் போதாதா? போதாது. பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தானாகவே கொஞ்சம் இறங்கும். திடீரென்று இறங்கினால் அது கசிவு. இரண்டிலும் ஊற்றுவது மருந்தல்ல. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர்கள் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

கசியவே இல்லை, ஆயிலை ஏன் மாற்ற வேண்டும்? அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகைப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் 140 டிகிரிவரை இறங்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் அடிவரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து ஓட்டுங்கள்.

சில்லறைப் பழுதுகளில் பிரேக் லைட்டை மறந்துவிடாதீர்கள். எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், பெடல் மேலுள்ள சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். மூன்றுமே மலிவானவைதான்.

பிரேக்கில் எந்த வேலை செய்திருந்தாலும், பெடல் கெட்டிப்படும்வரை நிறுத்திய இடத்திலேயே மிதித்துப் பாருங்கள். பிறகு ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு ரோட்டுக்கு வாருங்கள்.