கதவோர ரப்பர் ஏன் ‘செத்துப்போகிறது’?

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் எங்கள் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. செஞ்சியிலும் விடிய விடிய மழை. காலையில் என் பழைய அம்பாசிடர் காரின் கதவைத் திறந்தால், கால் வைக்கும் இடத்தில் விரல் உயரத்துக்குத் தண்ணீர்! இத்தனைக்கும் கதவுகள் மூடித்தான் இருந்தன. கண்ணாடிகளும் ஏற்றித்தான் இருந்தன.

மழை ஓய்ந்ததும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் கதவின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “பீடிங் செத்துப்போச்சு சார்” என்றார். கதவின் விளிம்பைச் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பர் பட்டைக்குத்தான் பீடிங் என்று பெயர். எனக்கு வியப்பாக இருந்தது. அது எங்கும் அறுந்து தொங்கவில்லை. மூலைகளில் சில வெடிப்புகள், அவ்வளவுதான். உயிரில்லாத பொருள் எப்படிச் சாகும்?

யோசித்துப் பாருங்கள். பீடிங் நீரைத் தடுப்பது ரப்பர் மிருதுவாக இருப்பதால் மட்டும் அல்ல. கதவை மூடும்போது பீடிங் நசுங்குகிறது. நசுங்கியது பழைய வடிவுக்கு வர முயன்று கதவைத் திருப்பித் தள்ளுகிறது. இந்த மீட்சி விசைதான் இடைவெளியை அடைத்து வைத்திருக்கிறது. தள்ளுவதை ரப்பர் நிறுத்திவிட்டால், அது வெறும் அலங்காரக் கயிறு.

என் பீடிங் எவ்வளவு தள்ளியது? அளந்து பார்த்துவிடலாம் என்று வீட்டிலிருந்து கொஞ்சம் சப்பாத்தி மாவு கொண்டுவந்தேன். (வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது இங்கே வேண்டாம்!) பீடிங்கை உரித்தெடுத்துவிட்டு, மாவைப் பாலிதீன் தாளில் சுற்றி அந்த இடத்தில் வைத்துக் கதவை மூடித் திறந்தேன். நசுங்கிய மாவின் தடிமன் 10 மில்லிமீட்டர். கதவுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி அதுதான். புதிய பீடிங்கின் தடிமன் வெர்னியர் அளவியில் 16 மி.மீ.; உரித்தெடுத்த பழையது 11 மி.மீ. அதாவது, மூடும்போது 6 மி.மீ. நசுங்கி, திறந்ததும் 6 மி.மீ. எழவேண்டிய ரப்பர் 1 மி.மீ. மட்டுமே எழுகிறது. ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது! மெக்கானிக் விரலால் கண்டுபிடித்ததும் இதைத்தான்.

எங்கே போயிற்று அந்த மீட்சி? ரப்பரின் மூலக்கூறுகள் மிக நீளமான சங்கிலிகள். இடியாப்பம்போல ஒன்றோடொன்று சிக்கிச் சுருண்டு கிடக்கின்றன. 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே பாலங்களாக அமைந்தன. ரப்பரை நசுக்கினால் சங்கிலிகள் உருமாறும்; ஆனால் பாலங்கள் அவற்றை நழுவிப்போக விடுவதில்லை. வெப்பத்தால் ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கும் சங்கிலிகள், கையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

நம் காரின் கதவோ நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் மூடியே கிடக்கிறது. கோட்டை பார்க்க வரும் உறவினர்களை அழைத்துச் சென்று, ராஜகிரி அடிவாரத்தில் சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்துவேன். மேலே வெயில், பக்கத்தில் சூடேறிய கருங்கற்பாறை. வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து பழைய பாலங்கள் சிலவற்றை அறுக்கின்றன. புதிய பாலங்களையும் உண்டாக்குகின்றன. இந்தப் புதிய பாலங்கள் அமைவது நசுங்கிய நிலையில் அல்லவா? அவற்றுக்குத் தெரிந்த ‘இயல்பான வடிவம்’ அந்த நசுங்கிய வடிவம்தான்! ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் எழுவதை மறந்துவிடுகிறது.

மறந்தால் உள்ளே வருவது தண்ணீர் மட்டுமல்ல. அந்த ஆண்டே ஒருநாள், பின் இருக்கையில் வந்த என் அம்மா திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் தலைவலி என்றார். புகைவாடை அடிக்கிறது என்றும் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது தவறு. புகைபோக்கியில் ஓட்டை இருந்தால், வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் அந்த இடுக்குகள் வழியே நுழையும். அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்வது. புகைபோக்கியையும் அன்றே சரிபார்க்கச் சொன்னேன்.

ரப்பர் திருப்பித் தள்ளத் தவறியதை உலகமே பார்த்த நாள் ஒன்றும் உண்டு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதறியது, எழுவரும் இறந்தனர். ராக்கெட்டின் பகுதிகள் சேரும் இணைப்பை அடைத்திருந்தவை ரப்பர் வளையங்கள். அன்று காலை வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ். குளிரில் சங்கிலிகளின் துள்ளல் மந்தமாகிவிட, இணைப்பு சற்றே விரிந்தபோது வளையம் அதே வேகத்தில் எழவில்லை. சூடான வாயு கசிந்தது. விசாரணையின்போது இயற்பியலறிஞர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் அந்த ரப்பரின் துண்டொன்றைக் கவ்வியால் நசுக்கி, பனிக்கட்டி நீரில் இட்டு எடுத்துக் காட்டினார். கவ்வியைத் தளர்த்தியும் அது உடனே எழவில்லை. குளிர் செய்வது தற்காலிகம்; சூடேற்றினால் ரப்பர் மீண்டும் துள்ளும். என் காருக்கு வெயில் செய்ததோ நிரந்தரம்.

சரி, மூலைகளில் இருந்த வெடிப்புகள்? அவற்றுக்குக் காரணம் நானே. முன்பு ஒருமுறை நானே பீடிங் ஒட்டியபோது, வாங்கிய துண்டு ஒரு சாண் குறைந்தது. இன்னொரு முறை கடைக்கு நடக்கச் சோம்பல். ரப்பர்தானே என்று இழுத்து ஒட்டிவிட்டேன்! பழைய நோட்டுக் கட்டில் மாட்டிய ரப்பர் பாண்டு பொடிப்பொடியாக அறுவதையும், அதே வயதுடைய இன்னொன்று மேஜை அறையில் நன்றாக இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். காற்றில் மிகச் சிறிதளவு இருக்கும் ஓசோன், இயற்கை ரப்பர்ச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளை வெட்டுகிறது. இழுக்கப்படாத ரப்பரில் வெட்டு மேற்பரப்போடு நின்றுவிடும். இழுத்த ரப்பரிலோ வெட்டு வாய் பிளக்கும். உள்ளே புதுப்பரப்பு தெரியும். அதையும் ஓசோன் வெட்டும். அதனால்தான் வெடிப்புகள் எப்போதும் இழுவிசைக்குக் குறுக்காகவே ஓடுகின்றன. இரண்டு ஆணிகளுக்கிடையே ரப்பர் பாண்டு ஒன்றை இழுத்து மாட்டி, இன்னொன்றைச் சும்மா தொங்கவிட்டு, நிழலான திண்ணையில் சில வாரங்கள் வைத்துப் பாருங்கள்.

இந்த முறை ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் பீடிங் வாங்கினேன். அதன் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு கிடையாது. ஓசோனுக்குப் பிடி கிடைப்பதில்லை. பழைய பசையைத் தின்னரால் துடைத்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசிக் காயவைத்த பிறகு ஒட்டினோம். மூலைகளில் இழுக்காமல் தளர்வாகவே வளைத்தோம். முனைகள் சேரும் இடம் கதவின் அடிப்பக்கம். துண்டை ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி நெருக்கி ஒட்டினார் மெக்கானிக். கதவின் அடியில் உள்ள சிறு துளைகளை மூடிவிடாமல் பார்த்துக்கொண்டார். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அவை.

முதலில் கதவு மூடவே அடம்பிடித்தது. ஒரு கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு மூடினால் எளிதாக இருக்கிறது. உள்ளே அடைபடும் காற்றுக்கும் ஒரு வழி வேண்டுமே! பிறகு கதவிடுக்கில் செய்தித்தாளை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். பீடிங் சரியாகத் தள்ளினால் தாள் இறுகிப்பிடித்து வரும். சுற்றிலும் அப்படித்தான் வந்தது, இடது பின்கதவின் கீழ் ஓரத்தில் ஒரு சாண் இடத்தைத் தவிர. அங்கே கதவின் தகடே உள்வாங்கியிருக்கிறது. அது டிங்கரிங் வேலை. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.