தீபாவளி டிரஸ்ஸுக்கு மேட்ச்சா ரிப்பன் கிளிப்... சாயங்காலம் வரை பிரியாம இருக்க என்ன வழி?

தீபாவளிக்கு டிரஸ் எடுத்தாச்சு. வளையல், பொட்டு, தோடு எல்லாம் மேட்ச் பண்ணியாச்சு. தலைக்கு? அந்த ஒரு கலர்ல மட்டும் எந்த ஃபேன்சி ஸ்டோர்லயும் கிளிப் இருக்காது.

போன தீபாவளிக்கு அக்கா மகளுக்கு மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்பாவாடை. தேடி அலைந்து அதே நிறத்தில் ஒரு ரிப்பன் கிளிப் வாங்கினேன். எண்ணெய்க் குளியல் முடிந்து, தலை காய்ந்ததும் மாட்டிவிட்டோம். பதினோரு மணிக்கெல்லாம் "சித்தி, இது விழுந்துகிட்டே இருக்கு" என்று வந்து நின்றாள். மத்தியானம் போட்டோ எடுக்கும்போது ஒரு கையில் கிளிப், இன்னொரு கையில் நூல் நூலாகப் பிரிந்த ரிப்பன். அழுகை வேறு!

அதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ரிப்பனின் ஓரத்தைச் சுடவில்லை. ஒரு தையல்கூட இல்லை, வெறும் பசைதான். கிளிப்பின் உள்பக்கம் வழவழவென்று வெறும் தகடு. மேலே தெரியாத இந்த மூன்று வேலையையும் நாமே சரியாகச் செய்துவிட்டால், கிளிப் நாள் முழுக்கத் தாங்கும்.

என்னென்ன வேணும்?

1 இன்ச் அகல சாட்டின் ரிப்பன் ஒன்றரை மீட்டர் (ஒரு ஜோடிக்கு), நடுவில் சுற்ற அரை இன்ச் ரிப்பன், கொஞ்சம் மஞ்சள் ரிப்பன், மெரூன் ஃபெல்ட் துணி, அலிகேட்டர் கிளிப் இரண்டு, ஊசி நூல், குளூ கன், மெழுகுவத்தி. எல்லாமே பக்கத்து ஃபேன்சி ஸ்டோரிலோ தையல் பொருள் கடையிலோ கிடைக்கும். நிறைய செய்யப் போகிறீர்கள் என்றால், சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை மொத்தக் கடைகளில் ரோலாக வாங்கலாம். முக்கியம்: டிரஸ்ஸில் இருந்து ஒரு துண்டுத் துணியைக் கையோடு எடுத்துப் போங்கள். மொபைல் போட்டோவை நம்பினால் கலர் ஏமாற்றிவிடும்.

ஓரம் சுடுங்க

கடைகளில் கிடைக்கும் சாட்டின் ரிப்பன் பெரும்பாலும் பாலியஸ்டர். சூடு பட்டால் உருகும் பிளாஸ்டிக் வகை. அதனால்தான் வெட்டிய ஓரத்தைத் தீயில் காட்டினால் நூல்கள் உருகி ஒன்றாக ஒட்டிக்கொண்டு, பிரியாமல் நிற்கின்றன. சுடரின் நுனியில் காட்டாதீர்கள், கரி பிடிக்கும். அடியில் நீலமாகத் தெரியும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நொடி ஓட்டி எடுத்தால் போதும். காட்டன் ரிப்பனுக்கு இது வேலைக்கு ஆகாது, எரிந்துவிடும். அதற்கு ஓரத்தில் ஃபேப்ரிக் குளூ தடவிக் காயவிடுங்கள்.

சிலர் நெயில் பாலிஷ் தடவுவார்கள். அதுவும் சரிதான். ஆனால் அது சட்டென்று தீப்பிடிக்கும். அந்தப் பாட்டிலும் மெழுகுவத்தியும் ஒரே மேஜையில் இருக்கவே கூடாது.

பூ மடிக்கலாம் வாங்க

ஒரு கிளிப்புக்கு 10 இன்ச், 8 இன்ச், 6 இன்ச் என மூன்று துண்டுகள் வெட்டி, எல்லா ஓரங்களையும் சுட்டுக்கொள்ளுங்கள்.

10 இன்ச் துண்டின் இரண்டு முனைகளையும் பின்பக்கமாக நடுவுக்குக் கொண்டுவந்து, அரை இன்ச் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு வையுங்கள். பளபளப்பான பக்கம் வெளியே தெரியணும். நடுவில், ரிப்பனின் அகல வாக்கில், இரட்டை நூலால் நான்கைந்து ஓட்டுத் தையல் போட்டு இழுத்தால் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரியும். நூலை நடுவில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். 8 இன்ச் துண்டுக்கும் இதே கதைதான்.

பெரியதன் மேல் சின்னதை வைத்து, அடியில் 6 இன்ச் துண்டை 'வி' மாதிரி மடித்து வாலாக வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். இந்தத் தையல்தான் உயிர். பிறகு அரை இன்ச் ரிப்பனை நடுவில் சுற்றி, முனையைப் பின்னால் ஒட்டுங்கள்.

நடுவுல ஒரு அகல் விளக்கு

தீபாவளி களை வர வேண்டாமா? மெரூன் ஃபெல்ட்டை 2 சென்டிமீட்டர் அகலத்துக்கு அரைவட்டமாக வெட்டுங்கள். அதுதான் அகல். மஞ்சள் ரிப்பனில் 1 இன்ச் சதுரம் வெட்டி, முக்கோணமாக மடியுங்கள். அதை மறுபடி பாதியாக, இன்னொரு முறை பாதியாக மடித்தால் கூர்மையான இதழ் ரெடி. அடிப்பக்கத்தை ட்வீசரால் பிடித்து, ஓரங்களைச் சேர்த்துச் சுட்டால் ஒட்டிக்கொள்ளும். அதுதான் சுடர். ஜப்பானியர்கள் கூந்தல் பூக்களுக்குச் செய்யும் மடிப்பு இது. 'சுமாமி கன்சாஷி' என்று தேடினால் வீடியோக்கள் கொட்டும்.

பார்க்க அழகாக இருக்கிறதே என்று மணியும் கல்லும் அள்ளி ஒட்டாதீர்கள். கனம் கூடினால் மெல்லிய முடியை இழுத்து வலிக்கும். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மணி, கல் எதுவுமே வேண்டாம். பிய்த்து வாயில் போட்டால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

வழுக்காம இருக்க

கிளிப்பின் மேல்பக்கத்தில் ரிப்பன் சுற்றி, அதன்மேல் பூவை ஒட்டுங்கள். உள்பக்கத் தகட்டில் மெல்லிய ஃபெல்ட் பட்டை ஒன்று ஒட்டிவிட்டால், ஷாம்பு போட்ட முடியிலும் பிடித்து நிற்கும். குளூ கன் பசை தோலில் பட்டால் கொப்பளித்துவிடும். அந்த வேலையைக் குழந்தைகளிடம் விடாதீர்கள்.

பட்டாசு நேரத்துல கழட்டிடுங்க!

ஓரத்தைச் சுடும்போது ரிப்பன் உருகுவதைக் கண்ணால் பார்த்தீர்கள் இல்லையா? பொறி பட்டால் தலையிலும் அதேதான் நடக்கும். உருகும் பாலியஸ்டர் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் காயமும் ஆழமாகும். தமிழ்நாட்டில் சில வருடங்களாகப் பட்டாசுக்கு அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 வரைதான். அந்த நேரத்தில் கிளிப் டப்பாவில் இருக்கட்டும். முடியை இறுக்கிப் பின்னி, காட்டன் டிரஸ் போட்டுவிடுங்கள்.

அப்படியும் சுட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஒட்டியிருப்பதைப் பிய்க்காதீர்கள். இங்க், டூத்பேஸ்ட் எதுவும் தடவாமல் டாக்டரிடம் போங்கள்.

இந்த வருஷம் அக்கா மகளுக்குக் கிளிப் என் கையால்தான். "காலையில பட்டாசு முடிஞ்சதும்தான் மாட்டுவேன்" என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். "அப்போ ரெண்டு செட் வேணும் சித்தி" என்கிறாள். ஒன்றரை மீட்டர் எக்ஸ்ட்ரா வாங்கணும்!