நூலகரும் சமுதாயமும்: அரங்கநாதன் வாழ்வு தரும் பாடம்

சாவகச்சேரி நகரம் 2000 ஆம் ஆண்டுப் போரிற் பேரழிவுக்குள்ளாயிற்று. அவ்வாறு அழிந்து மீண்ட ஓரூரில் நூலகத்திற்குரிய இடம் யாது என்பது கட்டடத்தோடு முடியும் வினா அன்று. நூலகர் யாருக்காகப் பேசவேண்டும் என்பதும் அதனுள் அடங்கும். இதற்கு விடைகாண, சீ. இரா. அரங்கநாதனின் (1892-1972) பணியை நோக்குவது பயனுடைத்து.

சென்னை மாநிலக் கல்லூரியிற் கணிதம் கற்பித்த அவர், 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றவிடத்து, பொது நூலகங்கள் தொழிலாளருக்கும் சிறுவருக்கும் பணிபுரிவதைக் கண்டார். நாடு திரும்பியபின் நூலக மேசையோடு அவர் நின்றுவிடவில்லை. 1928 இற் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். 1931 இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது. அதே ஆண்டில் மன்னார்குடிச் சுற்றுக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன.

ஆயினும் நன்கொடையை மட்டும் நம்பிய நூலகம் கொடையாளரோடு மறைந்துவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே 1930 இற் காசியில் நடைபெற்ற கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டமொன்றை முன்வைத்தார். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது 1948 இலேயே. நாம் ஆதனவரி என்று வழங்கும் சொத்துவரியோடு நூலக வரியையும் அறவிட அது வழிசெய்தது. பதினெட்டு ஆண்டு வாதாட்டத்தின் பயன் இது.

யாழ்ப்பாணத்திலும் இத்தகைய வளர்ச்சியைக் காண்கிறோம். 1933 இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய முயற்சி பொதுநூலகமாக மலர்ந்தது. அதன் புதிய கட்டட அமைப்பிற்கு அரங்கநாதனும் ஆலோசனை வழங்கினார். 1959 இல் திறக்கப்பட்ட அந்நூலகம், ஏறத்தாழ 97,000 நூல்களுடன் 1981 இல் எரிக்கப்பட்டது. கட்டடம் மீண்டெழுந்தது, எரிந்த ஏட்டுச்சுவடிகள் மீளவில்லை.

நம் நாட்டிற் பொது நூலகங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பிலேயே உள்ளன. ஆகவே சாவகச்சேரி போன்ற நகரங்களில், ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டம் ஆராயப்படும்போது நூலுக்கும் பயிற்சிபெற்ற நூலகருக்கும் உரிய பங்கைக் கோரும் குரல் எழவேண்டும். அக்குரலை எழுப்புவதில் நூலகர் முன்னிற்க வேண்டும். அவருக்குத் துணைநிற்பது வாசகராகிய நமது கடன்.