வாட்டர் சர்வீஸ் மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை... ஏன்?

ஸ்விட்சைப் போட்டதும் கார் கழுவும் பம்ப் மோட்டார் "ம்ம்ம்" என்கிறது. தண்ணீர் மட்டும் பீய்ச்சவில்லை. கரண்ட் வருகிறது, காயிலும் எரியவில்லை. பிறகு என்னதான் தடை?

சைக்கிள் பெடலை நேர் உச்சியில் நிறுத்தி மிதித்துப் பாருங்கள். எவ்வளவு அழுத்தினாலும் நகராது. சற்றே முன்னால் தள்ளிவிட்டால் போதும், சக்கரம் ஓடத் தொடங்கிவிடும்.

சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் நிலையும் இதுதான். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அதனால் முதன்மைக் காயிலின் காந்தப்புலம் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் இழுக்கிறதே தவிர, சுழல்வதில்லை. நிற்கும் ரோட்டர் எந்தப் பக்கம் திரும்பும்?

அந்த முதல் தள்ளலைத் தருவது இரண்டாவது காயில். அதனுடன் இணைந்த கெபாசிட்டர், அங்கே பாயும் கரண்டைச் சற்று முந்தச் செய்கிறது. இரண்டு இழுப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் காந்தப்புலம் சுழல்கிறது. ரோட்டரும் அதைத் துரத்துகிறது. கெபாசிட்டர் போய்விட்டால் மிஞ்சுவது உறுமல்தான்.

உறுமினால் உடனே அணைத்துவிடுங்கள்! சுற்றாத மோட்டார் பல மடங்கு கரண்டை இழுத்துக் காயிலைக் கருக்கிவிடும். கெபாசிட்டர் விலையோடு முடிய வேண்டியது ரீவைண்டிங் செலவாகிவிடும்.

புதிய கெபாசிட்டரில் மைக்ரோஃபாரட் அளவு அதேதான் இருக்க வேண்டும்; வோல்ட் அளவு குறையக் கூடாது. மாற்றியும் உறுமுகிறதா? மின்இணைப்பைக் கழற்றிவிட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால், சோப்புத் தண்ணீர் புகுந்து பேரிங் துருப்பிடித்திருக்கலாம்.

மோட்டாரையே மாற்றுவதானால் எச்.பி., வேகம், ஷாஃப்ட் விட்டம் மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். கூடவே ஐ.பி. 55 முத்திரையைத் தேடுங்கள். பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் உறை என்பதற்கு அதுவே அடையாளம்.