குறைந்த எண்ணிக்கையின் விலை

ஹைதராபாத் நகரின் காஞ்சன்பாக்கில், 1973-ஆம் ஆண்டு மத்திய அரசு ஸ்தாபித்த மிஸ்ர தாது நிகம் என்னும் மிதானி நிறுவனம், ராக்கெட்டுகளுக்கும் விமான எந்திரங்களுக்கும் வேண்டிய அபூர்வ உலோகக் கலவைகளோடு, குண்டு துளைக்காத கவசங்களையும், கவசமிட்ட வாகனங்களையும் தயாரித்து வருகிறது. இத்தகைய வாகனத்தின் விலை சாதாரண வண்டியினும் வெகுவாக உயர்ந்திருப்பதற்கு எஃகின் அருமை ஒன்றே காரணமென்று பலர் எண்ணுவர். எண்ணிக்கையின் சிறுமையும் அதற்கு இளைத்த காரணமன்று.

கார் உடலின் ஒவ்வொரு தகடும், பிரம்மாண்டமான அழுத்த எந்திரத்தில், அதற்கென்றே கடைந்த எஃகு அச்சுகளுக்கிடையே நசுங்கி உருப்பெறுகிறது. அவ்வச்சுகளுக்கு 50 கோடி ரூபாய் செலவாவதாகக் கொள்வோம். ஒரு லட்சம் வண்டிகள் விற்றால் வண்டிக்கு 5,000 ரூபாய் விழும். 500 மட்டுமே விற்றால், வண்டி ஒன்றுக்குப் 10 லட்சம் விழும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி கார்களைச் செய்த ஹென்றி ஃபோர்டினால் விலையைப் படிப்படியாகக் குறைக்க முடிந்ததன் ரகசியங்களுள் இக்கணக்கும் ஒன்று.

ஆகவே, சிலவே வேண்டிய இடத்தில் வேறு மார்க்கம் அனுசரிக்கப்படுகிறது. பெரிய ஆலையில் ஆயிரக்கணக்கில் பிறந்த வண்டியின் எந்திரத்தையும் அடிச்சட்டத்தையும் இரவல் பெற்று, கவசத் தகடுகளை அளவாக அறுத்து, கதவின் இடுக்கு வழியே தோட்டா நுழையாதபடி விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்துப் பற்றவைக்கிறார்கள். கூடிய பாரத்தைத் தாங்கக் கீல்களும் வில்களும் பிரேக்குகளும் வலுப்பெற வேண்டும். அச்சுச் செலவு மிச்சமாகிறது. மனித உழைப்போ ஒவ்வொரு வண்டியிலும் மீண்டும் தொடங்குகிறது.

நம் கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவோர் நடத்தும் தொழிலும் இதே நியாயத்தில் நிற்பதே. அசோக் லேலண்டு போன்ற ஆலைகளின் அடிச்சட்டத்தின்மேல், இரும்புக் குழாய்ச் சட்டம் கட்டித் தகடு போர்த்தி, முதலாளி விரும்பும் இருக்கை அமைப்போடு வண்டியை முடித்துத் தருகிறார்கள்.

இத்தொழில்களின் மூலதனம் எந்திரத்தைவிடப் பெரிதும் தொழிலாளியின் கையிலும் கண்ணிலும் இருப்பதால், வேலையற்ற காலத்தில் அதைப் பூட்டி வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ள வழியில்லை. கலைந்துபோன கைத்திறனை மறுபடி சேர்க்கப் பல வருஷங்கள் ஆகும். ஆதலால், நாட்டுக்குச் சிலவாகவே வேண்டிய பொருளை மலிவாகக் கேட்பதைவிட, ஒழுங்காக, இடைவிடாமல் கேட்பதே அரசு செய்யத்தக்க பேருதவியாகும்.