பணியில் பெரும் பிழையும் மறுவாய்ப்பும்

வேலையில் பெரும் பிழை செய்துவிட்ட ஊழியரை நீக்குவதா, மறுவாய்ப்புத் தருவதா என்பது தொழிலாளர் சட்டத்தின் நெடுநாள் கேள்வி. தமிழில் அதற்கு இன்னும் பழைய வடிவம் ஒன்று உண்டு. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் மனுநீதிச் சோழன் கதையைச் சொல்கிறார். இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் கன்று ஒன்று புகுந்து இறந்துபோகிறது. அறியாமல் நேர்ந்தது, கழுவாய் செய்தால் போதும் என்கின்றனர் அமைச்சர்கள். அரசன் இணங்கவில்லை, மகனைத் தேர்க்காலில் இடச் சொல்கிறான். அந்த ஏவலை நிறைவேற்ற மனமில்லாத அமைச்சர் ஒருவர் தம் உயிரையே விடுகிறார். மனுநீதிச் சோழனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. ஆனால் இன்றைய சட்டம் சற்று அதிகமாகச் சாய்வது அமைச்சர்களின் பக்கம்தான்.

குன்றத்தூரிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். அங்கே பெரும் பிழை என்பது தவறான அச்சைப் பொருத்தி ஒரு ஷிப்ட் உற்பத்தியைப் பாழாக்குவதாக இருக்கலாம். பாதுகாப்புத் தடுப்பைத் திறந்துவைத்து எந்திரத்தை ஓட்டி, பக்கத்தில் நிற்பவர் விரலை இழப்பதாகவும் இருக்கலாம். நிரந்தரத் தொழிலாளர் என்றால் மெமோ, பணியிடை நீக்கம், உள்விசாரணை என்று வரிசையாக நடக்கும். பணியிடை நீக்கக் காலத்தில் 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பிழைப்பூதியம் தரவேண்டும்: முதல் 90 நாள் ஊதியத்தில் பாதி, அடுத்த 90 நாள் முக்கால் பங்கு, அதன்பின் முழு ஊதியம். விசாரணையை இழுத்தடிக்கும் நிர்வாகத்துக்கு இது செலவு வைக்கிறது.

தண்டனைக்குரிய ஒழுங்கீனங்களை நிறுவனத்தின் நிலையாணைகள் பட்டியலிடும். மத்திய அரசின் மாதிரி நிலையாணைகளில் வேலையில் கவனக்குறைவு வெறுமனே இடம்பெறவில்லை. 'வழக்கமான' கவனக்குறைவு என்றே இருக்கிறது. ஒரே ஒருமுறை கை தவறுவது அந்தப் பட்டியலுக்குள் எளிதில் அடங்காது. தண்டனை விதிக்குமுன் குற்றத்தின் கடுமையோடு ஊழியரின் கடந்தகாலப் பதிவையும் பார்க்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன.

இதற்கு விலக்கு உண்டு. 1979-இல் ஜே. அகமது வழக்கில், திறமைக் குறைவு மட்டுமே ஒழுங்கீனம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் ஒருமுறை செய்த பிழையே மீட்க முடியாத கேட்டை விளைவித்தால் அது ஒழுங்கீனமாகலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. ரயில் நிற்கும் தடத்திலேயே இன்னொரு ரயிலை விட்டுவிடும் கேபின் ஊழியர், கருவி காட்டிய கோளாறைக் கவனிக்காத விமானி போன்றோரை அது எடுத்துக்காட்டியது. 1963-இல் ஏர் பிரான்ஸ் வழக்கில் விமானத்தின் சுமைத்தாளிலும் சமநிலை அட்டவணையிலும் நேர்ந்த இரு பிழைகளுக்காகக் கல்கத்தா ஊழியர் ஒருவர் நீக்கப்பட்டது சரியென ஏற்கப்பட்டது. விபத்து நேர்ந்திருக்கக்கூடும் என்பதே போதுமான காரணமாயிற்று.

1971 வரை, விசாரணை முறையாக நடந்திருந்தால் தண்டனையின் அளவில் தீர்ப்பாயம் பெரும்பாலும் தலையிட முடியாது. அவ்வாண்டு டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் தகராறுகள் சட்டத்தின் 11ஏ பிரிவு இதை மாற்றியது. குற்றம் உறுதியான பிறகும் பணிநீக்கத்தை ரத்துசெய்து, இலேசான தண்டனை விதிக்கும் அதிகாரம் தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது. 1980-களின் இறுதியில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா வழக்கில், விசாரணை நியாயமாகவே நடந்தது என்று ஒப்புக்கொண்ட லக்னோ தொழிலாளர் நீதிமன்றம், திருந்துவதற்கு வாய்ப்புத் தரவேண்டும் என்று தொழிலாளியைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மறுவாய்ப்பு என்ற எண்ணம் வெறும் இரக்கமாக நிற்காமல் சட்ட வாதமாக மாறிய இடம் இது.

நேர்மையின்மைக்கு இந்த இரக்கம் மிகக் குறைவு. டிக்கெட் கொடுக்காமல் காசு வாங்கிய பஸ் நடத்துநர்களின் வழக்குகளில், தொகை சிறியது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் பலமுறை தள்ளியிருக்கிறது. போனது நம்பிக்கை, பத்து ரூபாயா நூறு ரூபாயா என்பது அங்கே கணக்கில்லை.

இந்தப் பாதுகாப்பு நடைமுறையில் எட்டாதவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சட்டத்தின் பார்வையில் அவர்களும் தொழிலாளர்கள்தான். ஆனால் ஒரு பிழைக்குப் பின் அவர்களுக்கு மெமோவும் வராது, விசாரணையும் நடக்காது. வாயிலில் நுழைவு அட்டை செல்லாமல் போகும். 'நாளையிலிருந்து வரவேண்டாம்' என்று ஒப்பந்ததாரரிடமிருந்து போன் வரும். நீக்கியதற்கு எழுத்தில் ஓர் ஆணை இல்லாதபோது, எதை எதிர்த்து மனு எழுதுவது என்பதே அவருக்கு முதல் சிக்கலாகிவிடுகிறது.