ஒக்டேன் எண்ணும் டர்போ எந்திரமும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ 35 வீதியிலே தர்மபுரம் அமைந்துள்ளது. இவ்வூராருக்கும், இதனைச் சூழ்ந்த வன்னிப் பெருநிலத்தாருக்கும், எரிபொருளின் தரம் என்பது ஏட்டிற் கற்ற செய்தி மட்டுமன்று. 1990 ஆம் ஆண்டு தொடக்கம் 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரை நிலவிய பொருளாதாரத் தடைக் காலத்திலே பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எந்திரத்தை இயக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அந்நாளைய வழக்கம். வண்டி ஓடியது, ஆயினும் புகை மிகுந்தது, பாரம் ஏறியவிடத்து எந்திரத்தினுள்ளே தட்டொலி எழுந்தது.

அத்தட்டொலியின் காரணத்தை உணர்ந்தோர்க்கு இக்காலத்து வினாவொன்றின் விடையும் எளிதிற் புலனாகும். டர்போ பூட்டிய காருக்கு 92 ஒக்டேன் பெற்றோல் போதுமா? விலை கூடிய 95 ஒக்டேன் பெற்றோல் அதன் வலுவைப் பெருக்குமா? இதுவே அவ்வினா.

பெற்றோல் எந்திரத்தின் உருளையினுள்ளே காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை முசலம், அஃதாவது பிஸ்ரன், அமுக்குகின்றது. அமுக்கப்படும் வாயு வெப்பமடையும் என்பது பௌதிகவியலின் அடிப்படை உண்மைகளுள் ஒன்று. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவது இதற்குச் சான்றாகும். 30 பாகை வெப்பமுள்ள காற்றை, வெப்பம் வெளியேறாதவாறு, பத்தில் ஒரு பங்காக ஒடுக்கினால் அதன் வெப்பநிலை 400 பாகையையும் தாண்டும். இந்நிலையில் பிளக்கின் தீப்பொறியிற் பிறந்த சுவாலை கலவையினூடே ஒழுங்காகப் பரவிச் செல்லுதல் வேண்டும். அவ்வாறன்றி, சுவாலை வந்தடையும் முன்னரே எஞ்சிய கலவை தானே பற்றிக்கொள்ளுமாயின், அதிர்வலைகள் எழுந்து உருளையின் சுவரை மோதும். இதனையே தட்டொலி என்பர். கடுமையான தட்டொலி நீடிப்பின் முசலத்தின் தலை சிதைவுறும். அதன் வளையங்கள் உடையும்.

எரிபொருள் இவ்வாறு தானே பற்றாது பொறுத்து நிற்கும் இயல்பை அளப்பதே ஒக்டேன் எண். இவ்வளவுமுறையை 1927 ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயனவியலாளர் கிரகாம் எட்கர் வகுத்தார். எளிதிற் பற்றாத ஐசோ ஒக்டேனுக்கு 100 என்றும், எளிதிற் பற்றும் ஹெப்ரேனுக்குச் சுழியம் என்றும் எண்கள் வழங்கப்பட்டன. 95 ஒக்டேன் பெற்றோல் எனின், 95 பங்கு ஐசோ ஒக்டேனும் 5 பங்கு ஹெப்ரேனும் சேர்ந்த கலவை எவ்வளவு பொறுக்குமோ அவ்வளவு பொறுக்கும் என்பது பொருள்.

ஆகவே அவ்வெண் எரிபொருளின் பொறையைக் காட்டுவதேயன்றி அதன் வெப்பச் சக்தியைக் காட்டுவதன்று. மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகத் தாழ்ந்தது. எனினும் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் அடங்கிய வெப்பம் ஒரு லீற்றர் பெற்றோலினதிலும் சற்றுக் கூடியது. எதனோலின் ஒக்டேன் எண்ணோ 100 இற்கு மேற்பட்டது. அதன் வெப்பமோ பெற்றோலினதில் ஏறத்தாழ மூன்றிலிரு பங்கே. ஒக்டேன் உயர்ந்தால் வலுவும் தானே உயரும் என்னும் பொது நம்பிக்கை பிழையென்பது இதனால் விளங்கும்.

டர்போ எந்திரத்திலே நிலைமை எவ்வாறு வேறுபடுகின்றது? சுவிற்சலாந்து எந்திரவியலாளர் அல்பிரட் பூக்கி 1905 ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற கருத்தே டர்போவுக்கு மூலமாகும். வெளியேறும் புகையின் விசையால் ஒரு சில்லு சுழல்கின்றது. அதனோடு ஒரே தண்டிற் பூட்டிய மற்றொரு சில்லு வெளிக்காற்றை நெருக்கி உருளைக்குட் செலுத்துகின்றது. காற்று மிகுதியாகப் புகவே எரிபொருளும் மிகுதியாக எரிந்து வலு பெருகுகின்றது. ஆயின் முன்னரே நெருக்குண்ட காற்றை முசலம் மீண்டும் அமுக்குதலின் தட்டொலி தோன்றும் அபாயமும் உடன் பெருகுகின்றது. எரிபொருளின் பொறை வேண்டப்படுவது இவ்விடத்திலேயே.

இவ்வுண்மையை வரலாறு இருமுறை தெளிவாக எடுத்துக்காட்டியது. 1940 ஆம் ஆண்டில் பிரித்தானிய வான்படையின் மெர்லின் எந்திரங்களுக்கு 87 ஒக்டேன் எரிபொருளுக்குப் பதிலாக 100 ஒக்டேன் எரிபொருள் வழங்கப்பட்டது. அவற்றிற் காற்றை நெருக்கிய கருவி பற்சில்லுகளால் இயங்கியது எனினும் தத்துவம் ஒன்றே. நெருக்கும் அமுக்கத்தைச் சதுர அங்குலத்துக்கு 6¼ இறாத்தலிலிருந்து 12 இறாத்தலாக உயர்த்த முடிந்தது. ஏறத்தாழ 300 குதிரைவலு மேலதிகமாகக் கிடைத்தது. எரிபொருள் மட்டும் மாறி அமுக்கம் மாறாதிருந்திருப்பின் அவ்வலு கிடைத்திராது. இரண்டாவது சான்று 1962 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெற்பயர் என்னும் டர்போ காராகும். அதன் அமுக்க விகிதம் 10.25. தட்டொலியைத் தடுக்க நீரும் மெதனோலும் சேர்ந்த திரவமொன்றை அதனுள் வார்க்க வேண்டியிருந்தது. அத்திரவம் தீர்ந்தபோது வலுவும் குறைந்தது.

இக்காலத்துக் கார்களிலே தட்டொலியை உணரும் கருவியொன்று எந்திரத்திற் பொருத்தப்பட்டுள்ளது. ஒலியின் முதற் குறி தோன்றியதும் கணினி தீப்பொறியைத் தாமதிக்கச் செய்கின்றது. வேண்டின் டர்போவின் அமுக்கத்தையும் தணிக்கின்றது. எந்திரம் காக்கப்படுகின்றது, வலுவில் ஒரு பகுதி இழக்கப்படுகின்றது. உயர் ஒக்டேன் எரிபொருள் இவ்விழப்பைத் தவிர்க்கும். அமெரிக்காவில் விற்கப்பட்ட மஸ்டா சீஎக்ஸ்-9 என்னும் டர்போ வண்டிக்கு அதனை ஆக்கியோரே இரு வலுக்களைக் குறித்துள்ளனர். இலங்கையின் 92 ஒக்டேனுக்கு ஏறத்தாழ ஒப்பான சாதாரண பெற்றோலில் 227 குதிரைவலு. உயர்தரப் பெற்றோலில் 250. வேறுபாடு பத்திலொரு பங்கு. அதுவும் எந்திரத்தை முழுவிசையில் ஓட்டும்போது மட்டுமே கிடைப்பது.

மற்றொரு வகை வண்டிகளும் உள. யப்பானிய நியமப்படி அந்நாட்டுச் சாதாரண பெற்றோலின் ஒக்டேன் எண் 89 அல்லது அதற்கு மேற்பட்டிருத்தல் வேண்டும். அப்பெற்றோலுக்கென அமைக்கப்பட்ட 660 கனசென்ரிமீற்றர் சிறு டர்போ வண்டிகளுக்கு 92 ஒக்டேனே தாராளமாகப் போதும். 95 ஊற்றுவதால் தீங்கில்லை. செலவுக்கேற்ற பயனும் இல்லை. இதற்கு மாறாக, 95 ஒக்டேன் குறைந்தபட்சம் வேண்டுமென ஆக்கியோர் விதித்த ஐரோப்பிய டர்போ கார்களுக்கு 92 ஊற்றிச் சில ரூபாய்களை மிச்சம்பிடிப்பது சிக்கனமாகாது. வன்னியின் கோடை வெயிலிலே, பாரத்தோடு நெடுந்தூரம் செல்லும் வண்டிக்கு இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். உள்ளே புகும் காற்று வெப்பமாயிருக்கத் தட்டொலியும் விரைந்து தோன்றுமன்றோ?

ஆதலின் டர்போ உண்டு என்பதொன்றைக் கொண்டே எரிபொருளைத் தெரிவுசெய்தல் ஏற்றதன்று. எண்ணெய்த் தாங்கி மூடியின் உட்புறத்திலோ கைந்நூலிலோ குறித்த எண்ணே முதல் வழிகாட்டி. "வேண்டும்" என அங்கு விதிக்கப்பட்டிருப்பின் அதனிற் குறைந்ததை ஊற்றலாகாது. "விரும்பத்தக்கது" எனப் பரிந்துரைக்கப்பட்டிருப்பின் உயர்ந்த எரிபொருள் சிறிதளவு வலுவும் சிக்கனமும் தரும். விலையோடு ஒப்பிட்டு உரியவரே தீர்மானித்தல் தகும். குறைந்த எண்ணே போதுமென்றிருப்பின் மேலதிக விலை கொடுப்பது வீண்செலவாகும். தடைக்காலத்தில் வன்னி மக்கள் மண்ணெண்ணெயை ஊற்றியது வேறு வழியின்மையாலாகும். வழி பலவாகத் திறந்துள்ள இந்நாளிலே, தெரிவுக்குத் துணையாகவேண்டியது விலைப்பலகையன்று. எந்திரத்தின் இயல்பை அறிந்த அறிவேயாம்.